சீன நிறுவனங்கள் மீதான ஆயுதப் பரவல் தடை: மன்னார்குடியில் கட்டிய பணம் நியூயார்க்கில் நிற்பது ஏன்?

மன்னை உதிரிபாகம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி வட்டார அரிசி ஆலைகளுக்குக் கலர் சார்ட்டர் (அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம்) உதிரிபாகங்களைச் சீனாவிலிருந்து வரவழைத்துக் கொடுக்கும் சிறு வியாபாரி நான். சரிவுத் தகட்டில் இறங்கும் அரிசியைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். கருப்பும் பழுப்புமான மணி வந்தால், எஜெக்டர் வால்வு அந்த இடத்தில் மட்டும் காற்றை அடித்து அதை வெளியே தள்ளும். வால்வு தேய்ந்துவிட்டால் ஒரு கருப்பரிசிக்காகப் பத்து நல்ல அரிசியும் கழிவில் விழும். நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரவை செய்து கொடுக்கும் ஆலைக்காரருக்கு அது நேரடி நட்டம். ஆகவே குறுவை நெல் அரவைக்கு வருமுன் வால்வுகளை இறக்கிவிட வேண்டும் என்று வழக்கமான நிறுவனம் ஒன்றுக்கு முன்பணத்தை வங்கி மூலம் டாலரில் அனுப்பினேன்.

பணம் போய்ச் சேரவில்லை. எங்கள் கிளையில் கேட்டபோது, சென்னையில் உள்ள அந்நியச் செலாவணிப் பிரிவைக் கேட்க வேண்டும் என்றார்கள். அங்கிருந்து வந்த மின்னஞ்சலில், பணம் பெறுபவரின் பெயர் ஏவுகணைத் தொழில்நுட்பப் பரவலுக்காக அமெரிக்கா தடை விதித்துள்ள சீன நிறுவனம் ஒன்றின் பெயரோடு ஒத்திருப்பதால் இடையில் உள்ள வங்கி விளக்கம் கேட்டிருக்கிறது என்றும், பொருள் என்ன, யாருக்கு, எதற்கு என்று எழுதித் தர வேண்டும் என்றும் இருந்தது.

நான் அமெரிக்கன் அல்லன். பொருளும் அமெரிக்காவுக்குப் போகவில்லை. சீன நிறுவனம் ஒன்று பாகிஸ்தானுக்கோ ஈரானுக்கோ ஏவுகணைச் சாமான் விற்றது என்று அமெரிக்கா தண்டித்தால், அது மன்னார்குடி வியாபாரியை எந்தச் சட்டத்தின்படி கட்டுப்படுத்துகிறது? நம் நாட்டுச் சட்டமா இது? என் பணம் திரும்ப வருமா? இந்தத் தடைகள் உண்மையில் எதையாவது தடுத்திருக்கின்றனவா, அல்லது என்னைப் போன்றவர்கள்தான் அகப்படுகிறோமா என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

தஞ்சை கீழவாசல் எழுதியது:

வணக்கம். வங்கி ஒன்றின் அந்நியச் செலாவணிப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், முதலில் உங்கள் பணத்தின் வழியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ரூபாயைக் கட்டுகிறீர்கள். உங்கள் வங்கி அதை டாலராக்கி, நியூயார்க்கில் உள்ள ஒரு வங்கியில் தான் வைத்திருக்கும் நாஸ்ட்ரோ கணக்கிலிருந்து சீன வங்கியின் கணக்குக்கு மாற்றச் சொல்லி, வங்கிகளுக்கிடையேயான ஸ்விஃப்ட் வலையமைப்பில் செய்தி அனுப்புகிறது. விற்பவரும் வாங்குபவரும் அமெரிக்கர்களாக இல்லாவிட்டாலும், அந்த மாற்றத்தைச் செய்து கொடுக்கும் வங்கி அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்டது. கல்லணையில் மதகை இறக்கினால் கடைமடை வாய்க்கால் காய்வது போலத்தான் இதுவும்; உங்கள் ஊரில் எந்த அதிகாரியும் எந்த உத்தரவும் போடவில்லை, ஆனாலும் தண்ணீர் வரவில்லை.

நம் நாட்டைப் பொறுத்தவரை, ஐ.நா. பாதுகாப்பு மன்றம் விதிக்கும் தடைகளை மட்டுமே ஏற்போம், தனியொரு நாடு தானாக விதிக்கும் தடைகளை ஏற்பதில்லை என்பதே இந்திய அரசின் நெடுநாள் நிலைப்பாடு. எனவே அந்தச் சீன நிறுவனத்திடம் வால்வு வாங்குவது இந்தியச் சட்டப்படி குற்றமாகாது. ஆனால் டாலரில் பணம் அனுப்பும் வசதி வேண்டுமென்றால், டாலரைக் கையாளும் வங்கிகளின் நிபந்தனைக்குப் பணிந்தே ஆக வேண்டியிருக்கிறது. 2014-இல் பிரான்சின் பிஎன்பி பாரிபா வங்கி, சூடான், ஈரான், கியூபா தொடர்பான பணப் பரிமாற்றங்களை மறைத்து நடத்தியதற்காக அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 890 கோடி டாலர் தண்டம் கட்டியது. அதற்குப் பிறகு விதிமீறல் இருக்கிறதா என்று பார்க்கும் எந்த வங்கியின் இணக்கப் பிரிவும் பெயர் சற்றே ஒத்திருந்தாலும் நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறது. உங்கள் ஐந்தாயிரம், பத்தாயிரம் டாலருக்காக எவரும் துணிந்து ஒப்புதல் போட மாட்டார்கள்.

தடைகள் எல்லாம் ஒரே வகை என்று எண்ண வேண்டாம். செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் 'அமெரிக்கா தடை' என்ற ஒரே தலைப்பில் போட்டுவிடுவதால்தான் குழப்பமே வருகிறது. ஈரான், வடகொரியா, சிரியா தொடர்பான பரவல் தடுப்புச் சட்டம் ஒன்று உண்டு. ஈரானுக்காக 2000-இல் தொடங்கி, பிற நாடுகளுக்குப் பின்னர் விரிக்கப்பட்டது. அதன்படி தண்டிக்கப்படும் நிறுவனத்திடம் அமெரிக்க அரசு எதையும் வாங்காது, அதற்கு உதவி வழங்காது, ஆயுதம் விற்காது, பொதுத் தொழிலுக்கும் ஆயுதத்துக்கும் உதவும் இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்களுக்கு ஏற்றுமதி உரிமம் தராது. வழக்கமாக இரண்டு ஆண்டுகள். அமெரிக்க அரசோடு எந்த வியாபாரமும் இல்லாத சீன நிறுவனம் ஒன்றுக்கு இதனால் பெரிய வலி ஏதும் இல்லை. வணிகத்துறை வைத்திருக்கும் பட்டியல் மற்றொன்று. அதில் உள்ளவர்களுக்கு அமெரிக்கப் பொருளையும் தொழில்நுட்பத்தையும் உரிமம் இல்லாமல் அனுப்பக் கூடாது, ஆனால் அவர்களிடமிருந்து நாம் வாங்குவதை அது தடுக்கவில்லை. நம் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமே 2025 ஜனவரி வரை அந்தப் பட்டியலில்தான் இருந்தது.

உங்கள் பணத்தை நிறுத்தியிருப்பது மூன்றாவது வகையாக இருக்க வேண்டும். 2005 ஜூனில் அதிபர் புஷ் பிறப்பித்த 13382 எண் ஆணையின்படி, பேரழிவு ஆயுதப் பரவலில் ஈடுபடுவோர் என்று அறிவிக்கப்படுபவர்களின் சொத்துகள் அமெரிக்க எல்லைக்குள் முடக்கப்படும். அமெரிக்கர் எவரும் அவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. அத்தகையவர்கள் பாதிக்கு மேலோ சரிபாதியோ பங்கு வைத்திருக்கும் வேறு நிறுவனமும் பட்டியலில் பெயர் இல்லாமலே தடைக்குள் வந்துவிடும். இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெறுபவர் உண்மையிலேயே பட்டியலில் உள்ளவர் என்று தெரிந்தால், நியூயார்க் வங்கி பணத்தைத் திருப்பி அனுப்பாது; தனிக் கணக்கில் போட்டு முடக்கி வைக்கும். அமெரிக்கக் கருவூலத்தின் உரிமம் இல்லாமல் அதை மீட்க இயலாது. வெறும் பெயர் ஒற்றுமை என்றால், விளக்கம் கொடுத்ததும் விட்டுவிடுவார்கள். இப்போது விளக்கம் கேட்கும் நிலையில்தான் இருக்கிறது என்பதால் பணம் போய்விட்டது என்று அஞ்ச வேண்டாம். பதிலைத் தாமதிக்கவும் வேண்டாம்.

குடந்தை மகாமகம் எழுதியது:

தஞ்சை ஐயா சொன்ன விவரங்களோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் இந்தத் தடைகளின் நோக்கம் ஆயுதப் பரவலைத் தடுப்பது மட்டும்தான் என்ற எண்ணத்தை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை.

பாகிஸ்தானுக்கு எம்-11 ஏவுகணைத் தொழில்நுட்பம் தந்ததாகச் சொல்லி 1991 ஜூனில் சீனாவின் கிரேட் வால் நிறுவனம் உள்ளிட்ட இரண்டு நிறுவனங்களுக்கு அமெரிக்கா தடை விதித்தது. ஏவுகணைக் கட்டுப்பாட்டு நெறிகளைப் பின்பற்றுவோம் என்று சீனா உறுதிமொழி கொடுத்ததும் 1992 மார்ச்சில் விலக்கிக்கொண்டது. அதே கதை 1993 ஆகஸ்டில் மறுபடியும் நடந்தது. 1994 நவம்பரில் மறுபடியும் விலக்கப்பட்டது. இதே காலத்தில் நமக்கு நடந்ததைப் பாருங்கள். விண்வெளிக்குச் செயற்கைக்கோள் அனுப்புவதற்கான, மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் எஞ்சினை ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்திடம் வாங்க இஸ்ரோ ஒப்பந்தம் செய்ததற்காக, 1992 மே மாதம் இரண்டு நிறுவனங்களுக்கும் இரண்டு ஆண்டுத் தடை வந்தது. திரவ ஹைட்ரஜனை நிரப்பி நாள்கணக்கில் காத்திருக்க முடியாத எஞ்சினை எவரும் போர் ஏவுகணையில் வைக்க மாட்டார்கள் என்பது பொறியியல் படித்த எந்த மாணவனுக்கும் தெரியும். இருந்தும் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தராமல் எஞ்சின்களை மட்டும் தந்தது; நாமே மகேந்திரகிரியில் சோதித்துச் சோதித்து, சொந்த எஞ்சினோடு ஜி.எஸ்.எல்.வி. வெற்றியாகப் பறந்தது 2014 ஜனவரியில்தான்.

உளவுத் தகவல் எப்போதும் சரியாகவும் இருப்பதில்லை. 1993-இல் இன்ஹே என்ற சீனச் சரக்குக் கப்பல் ஈரானுக்கு இரசாயன ஆயுத மூலப்பொருள் கொண்டு போகிறது என்று அமெரிக்கா உறுதியாகச் சொன்னது. வாரக்கணக்கில் கடலில் நின்ற கப்பலைச் சவூதியின் தம்மாமில் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தபோது அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கப்படவில்லை. சீனர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். அரிசி ஆலை வால்வு வாங்குபவர் நியூயார்க்குக்கு விளக்கக் கடிதம் எழுதும் நிலை ஏன் வந்தது என்று நாம் கேட்க வேண்டாமா?

நாகூர் கிளியரிங் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் சுங்க முகவர். எங்கள் காரைக்கால் துறைமுகத்தில் இறங்குவது பெரும்பாலும் நிலக்கரிதான். பெட்டகச் சரக்கு என்றால் சென்னைக்கும் காட்டுப்பள்ளிக்கும் தூத்துக்குடிக்கும்தான் ஓட வேண்டும். குடந்தை நண்பரின் கோபம் நியாயமானது. ஆயினும் இந்த விவகாரத்தை வாஷிங்டனிலிருந்து மட்டும் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தச் சரக்குகள் நம் துறைமுகங்கள் வழியாகவே போகின்றன.

2020 பிப்ரவரியில் குஜராத்தின் காண்ட்லாவில் டா சுய் யுன் என்ற கப்பலிலிருந்து ஓர் ஆட்டோகிளேவ் (உயர் அழுத்த வெப்பக் கலன்) இறக்கிப் பறிமுதல் செய்யப்பட்டது. சீனாவின் ஜியாங்யின் துறைமுகத்தில் ஏறி கராச்சிக்குப் போய்க்கொண்டிருந்த அந்தச் சாமானுக்கு ஆவணத்தில் போட்டிருந்த பெயர் தொழிற்சாலை உலர்த்தி. 2024 ஜனவரியில் மும்பை நவசேவாவில் கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் ஒரு சிஎன்சி இயந்திரம் பிடிபட்டது. கப்பல் ரசீதில் அனுப்புநர், பெறுநர் என்று எழுதியிருந்தவர்கள் வேறு, உண்மையில் அனுப்பியவரும் பெறவிருந்தவரும் வேறு. அதே ஆண்டு மே மாதம் நம் காட்டுப்பள்ளியிலேயே, ஷாங்காயில் ஏற்றி கராச்சிக்குப் போகவிருந்த பெட்டகத்திலிருந்து, கண்ணீர்ப்புகைக்குப் பயன்படும் தடைசெய்யப்பட்ட இரசாயனம் சுமார் 2,500 கிலோ, டிரம் டிரம்மாகக் கைப்பற்றப்பட்டது. சுங்கச் சட்டத்தோடு, 2005-ஆம் ஆண்டின் பேரழிவு ஆயுதங்கள் தடைச் சட்டத்தின் கீழும் நடவடிக்கை எடுத்தார்கள். இவற்றில் அமெரிக்கச் சட்டத்துக்கு வேலையே இல்லை. எல்லாம் நம் சட்டம், நம் சுங்க அதிகாரிகள். கராச்சிக்குப் போகும் ஏவுகணைச் சாமான் யாரை நோக்கித் திரும்பும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்கா அண்மையில் தடை விதித்த நிறுவனங்களையும் பாருங்கள். பாகிஸ்தானின் ஏவுகணைத் திட்டத்துக்காக 2023 அக்டோபரில் மூன்று சீன நிறுவனங்கள், 2024 ஏப்ரலில் மேலும் மூன்றும் பெலாரஸ் நாட்டு நிறுவனம் ஒன்றும், அதே செப்டம்பரில் ஷாஹீன்-3, அபாபீல் ஏவுகணைகளுக்கான எஞ்சின் சோதனைக் கருவி தொடர்பாக பெய்ஜிங் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் வேறு சில நிறுவனங்களும். அவை கொடுத்ததாகச் சொல்லப்படும் பொருள்களைப் படித்தால் எதிலும் ஏவுகணை என்ற சொல்லே இருக்காது: பற்றவைக்கும் உலோகக் கலவை, கண்ணாடி இழை, குவார்ட்ஸ் துணி, இழை சுற்றும் இயந்திரம், உராய்வு முறையில் பற்றவைக்கும் கருவி. இவற்றில் பலவற்றைத் துவாக்குடிப் பக்கம் கொதிகலன் உதிரிபாகம் செய்யும் பட்டறைக்காரரும் கேட்பார். வாங்குபவர் யார், எதற்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் அரசின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலான ஸ்கோமெட்டும் இதே கருத்தில் எழுந்ததுதான். ஆனால் அது ஏற்றுமதிக்கானது, வால்வு இறக்குமதி செய்பவர் அதை நினைத்துக் கலங்க வேண்டாம்.

பயன் உண்டா என்றால், ஆளைப் பொறுத்தது. கிரேட் வால் நிறுவனத்தை 2006 ஜூனில் 13382 ஆணைப் பட்டியலில் சேர்த்தார்கள். வெளிநாட்டுச் செயற்கைக்கோள்களை ஏவிக் காசு பார்க்கும் பெரிய அரசு நிறுவனம் அது. டாலர் நின்றால் தொழிலே நின்றுவிடும். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கென்று உள்ளே தனி ஏற்பாடு செய்துகொள்வதாக ஒப்புக்கொண்டு 2008-இல் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. அதே 2006 பட்டியலில் இருந்த லிம்ட் நிறுவனத்துக்குப் பின்னால் லீ ஃபாங்வெய் என்பவர் இருந்தார். கார்ல் லீ என்றும் பெயர். டாலியன் நகரத்து ஆள். ஈரானின் ஏவுகணைத் திட்டத்துக்குக் கிராஃபைட்டும், டங்ஸ்டன் கலவையும், உயர்வலிமை எஃகும் விற்றதாகக் குற்றச்சாட்டு. ஒரு நிறுவனத்தின் பெயர் பட்டியலில் ஏறினால் அடுத்த பெயரில் கணக்குத் திறந்தார். 2014-இல் அமெரிக்க வெளியுறவுத்துறை அவர் தலைக்கு 50 இலட்சம் டாலர் வரை வெகுமதி அறிவிக்க, நீதித்துறை அவருடைய முகமூடி நிறுவனங்களுக்கு உரியதென்று 68 இலட்சம் டாலருக்கும் மேலான பணத்தைச் சீன வங்கிகள் அமெரிக்காவில் வைத்திருந்த கணக்குகளிலிருந்தே எடுத்துக்கொண்டது. ஆளைச் சீனா ஒப்படைக்கவில்லை. ஆக, இழப்பதற்கு ஏதாவது இருப்பவர் திருந்துகிறார். பெயர்ப்பலகையைத் தவிர வேறு எதுவும் இல்லாதவர் பலகையை மாற்றிக்கொள்கிறார். இப்படிப் பெயர் மாற்றும் ஆட்களால்தான், பெயர் ஒத்துப்போன அப்பாவி நிறுவனத்தையும் வங்கி சந்தேகிக்கிறது.

குடந்தை மகாமகம் எழுதியது:

நாகூர் நண்பர் காட்டிய வேறுபாட்டை ஏற்கிறேன். காட்டுப்பள்ளிச் செய்தியை நான் அப்போது மேலோட்டமாகவே படித்திருந்தேன். நம் துறைமுகத்தில் நம் சட்டப்படி பிடிப்பது வேறு, நம் வியாபாரியின் பணத்தை அயலார் சட்டப்படி நிறுத்துவது வேறு என்ற என் கருத்தில் மட்டும் மாற்றம் இல்லை. முதலாவதை எவ்வளவு கடுமையாகச் செய்தாலும் எனக்கு மறுப்பு இல்லை.

மன்னை உதிரிபாகம் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. சீன நிறுவனத்துக்கு நேற்று எழுதியதில், தங்கள் வணிக உரிமத்தின் நகலை உடனே அனுப்பிவிட்டார்கள். அமெரிக்கக் கருவூலத்தின் இணையதளத்தில் தேடிப் பார்த்தேன். பட்டியலில் உள்ள நிறுவனத்தின் பெயரில் முதல் இரண்டு சொற்கள் ஒன்றுதான், ஆனால் ஊர் வேறு, மாகாணமும் வேறு. இதற்கிடையில் அந்த விற்பனைப் பெண், 'அவசரம் என்றால் ஹாங்காங்கில் எங்கள் கூட்டாளியின் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள், இரண்டு நாளில் சரக்கை ஏற்றிவிடுகிறோம்' என்கிறார். ஆலைக்காரர்கள் தினமும் தொலைபேசியில் கேட்கிறார்கள். அப்படிச் செய்யலாமா, ஐயா?

தஞ்சை கீழவாசல் எழுதியது:

செய்யவே வேண்டாம். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். சீன வியாபாரிகளிடம் ஹாங்காங் கணக்கு இருப்பது சர்வசாதாரணம். ஆனால் ஒரு பெயரில் நின்றுபோன பணத்தை, அதே பொருளுக்கு, வேறு பெயரில் மறுபடி அனுப்பினால், நாகூர் நண்பர் எழுதிய டாலியன்காரர் செய்தது போலவே வங்கியின் கண்ணுக்குத் தெரியும். இன்றைக்கு வெறும் பெயர் ஒற்றுமை. அதன் பிறகு தடையை ஏய்க்கும் முயற்சி என்று உங்கள் கணக்கின் மீதே குறிப்பு எழுதிவிடுவார்கள். அதை அழிக்க ஆண்டுகள் ஆகும். இன்வாய்ஸில் ஒரு பெயரும் பணம் பெறுபவர் வேறு பெயருமாக இருந்தால், சரக்கு வந்து சேர்ந்தபின் இறக்குமதிப் பதிவை வங்கியில் முடித்து வைப்பதிலும் சிக்கல் வரும்.

அவர்கள் அனுப்பிய உரிமத்தில் 18 இலக்கம் கொண்ட ஒருங்கிணைந்த சமூகக் கடன் குறியீடு என்று ஓர் எண் இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். சீனாவில் பெயர்கள் ஒத்துப்போகலாம், அந்த எண் ஒத்துப்போகாது. அதையும், சீன எழுத்தில் உள்ள நிறுவனப் பெயரையும், முகவரியையும், பங்குதாரர்கள் யார் என்ற விவரத்தையும் கடிதமாக எழுதிச் சென்னைப் பிரிவுக்கே நேரடியாக அனுப்புங்கள்; ஐம்பது விழுக்காட்டு விதி இருப்பதால் பங்குதாரர் விவரத்தை அவர்கள் கட்டாயம் கேட்பார்கள், கேட்குமுன் கொடுத்துவிட்டால் ஒரு சுற்று மிச்சம். வால்வின் படம், எந்த இயந்திரத்துக்கு, எந்த ஆலைக்கு என்ற பட்டியல், முன்பு இதே நிறுவனத்திடம் வாங்கியதற்கான இறக்குமதிப் பில்கள் ஆகியவற்றையும் சேருங்கள். 'உதிரிபாகம்' என்று மொட்டையாக எழுதாமல், 'அரிசி நிறம் பிரிக்கும் இயந்திரத்துக்கான காற்று வால்வு' என்று எழுதுங்கள். சோலனாய்டு வால்வு என்று மட்டும் போட்டால் அது எதற்கும் பயன்படும் பொருள். மறுபடியும் கேள்வி வரும்.

விளக்கம் ஏற்கப்பட்டதும், இந்தப் பயனாளி சரிபார்க்கப்பட்டவர் என்று தங்கள் மென்பொருளில் குறித்து வைக்கும்படி வங்கியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள். மீதித் தொகையை அனுப்பும்போது இதே இடத்தில் இதே காரணத்துக்காக மறுபடியும் நிற்கும்.